பாதி அட்டை

எங்கள் ஊர் மண்டபத்துச் சாக்கடையைப் பற்றி என்னைவிட நன்றாக அறிந்தவள் கடலுக்கு அக்கரையில், மன்னாரில் இருந்தாள். மன்னார்ச் சாக்கடையை அவளைவிட நன்றாக அறிந்தவள் நான். சொன்னால் சிரிப்பீர்கள், ஆனால் உலகத்து நாடுகளெல்லாம் உட்கார்ந்து பேசி, சண்டை போட்டு, எழுந்து போய், திரும்பி வந்து, கடைசியில் ஒத்துக்கொண்ட ஏற்பாடு அதுதான். யாரும் தன் ஊர்ச் சாக்கடையைத் தானே சோதிக்கக் கூடாது. பக்கத்து நாட்டுக்காரர்தான் சோதிக்க வேண்டும். தன் பிள்ளையின் பரீட்சைத் தாளைத் தானே திருத்தினால் எந்தத் தாய் ஃபெயில் போடுவாள்?

என் பெயர் ஜெசிந்தா. கூட்டுக் கண்காணிப்பு நிலையத்தின் மண்டபம் கிளையில் கிருமி ஆய்வாளர். ஊரில் 'சாக்கடை டீச்சர்' என்று பெயர். நான் ஒரு நாளும் பள்ளிக்கூடத்தில் பாடம் எடுத்ததில்லை. அதட்டிப் பேசுகிற பெண்ணை இந்தக் கரையில் டீச்சர் என்றுதான் கூப்பிடுகிறார்கள், போகட்டும்.

வாரா வாரம் கப்பலில் மன்னாரிலிருந்து ஒரு ஐஸ் பெட்டி வரும். உள்ளே சீல் வைத்த பாட்டில்களில் அந்த ஊர்க் கழிவுநீர். அதில் டெரோவின் என்கிற மருந்து எவ்வளவு கலந்திருக்கிறது என்று பார்த்துச் சொல்வது என் வேலை. எங்கள் ஊர்ப் பெட்டி அதே கப்பலில் வதனிக்குப் போகும். வதனி அந்தக் கரையின் ஆய்வாளர். நேரில் பார்த்ததே இல்லை. ஆனால் வியாழக்கிழமை தோறும் வீடியோவில் கணக்குச் சரிபார்க்க உட்கார்ந்தால் கணக்கு கொஞ்சம், கதை நிறைய. அவள் மகன் அபிசனும் என் மகள் செலினும் திரையில் ஒருவருக்கொருவர் பல்லைக் காட்டி, விழுந்த பல் யாருக்கு அதிகம் என்று போட்டி போடுவார்கள்.

டெரோவின்தான் உலகத்தில் மிச்சமிருந்த ஒரே மருந்து. மற்ற ஆன்டிபயாடிக்குகள் எல்லாம் ஒவ்வொன்றாகச் செத்துவிட்டன. மருந்து எப்படிச் சாகும் என்று கேட்கிறவர்களுக்கு என் கணவர் சூசை என்னைவிட நன்றாக விளக்கம் சொல்வார். அவர் விசைப்படகு ஓட்டுகிறவர்.

"மீனுக்குத் தடைக்காலம் போடுறான்ல? போட்டெல்லாம் கரையில கட்டிக் கெடக்கும், மீன் முட்ட போட்டுப் பெருகும். அது மாதிரிதான்யா இது. மருந்துக்குப் பழகிப்போன கிருமி ஒரு பக்கம், பழகாத கிருமி ஒரு பக்கம். மருந்தே குடுக்காம கொஞ்ச வருசம் சும்மா விட்டா, பழகாததுதான் பெருகும். பழகினது எளச்சுப் போகும். அப்பறம் மருந்து குடுத்தா வேல செய்யும். அதான் ஒவ்வொரு நாட்டுக்கும் ஒரு முறை. நம்ம முறை வர்ற வரைக்கும் நாம தொடக் கூடாது."

"அதுவரைக்கும் காய்ச்ச வந்தா?" என்று யாராவது கேட்பார்கள்.

"கரையில கெடக்க வேண்டியதுதான்" என்று சிரிப்பார். அப்போதெல்லாம் எங்களால் சிரிக்க முடிந்தது.

அந்த வருடம் இலங்கைக்கு முறை. எங்களுக்கு ஓய்வு. ஓய்வில் இருக்கிற நாட்டின் சாக்கடையில் டெரோவின் தெரிந்தால், அடுத்து வரவேண்டிய முறை பறிபோகும். ஒரு ஊர் கள்ளத்தனம் செய்தால் காஷ்மீரில் காய்ச்சலோடு கிடக்கிறவனுக்கும் மருந்து இல்லை. கொடுமையான சட்டம்தான். ஆனால் அந்தச் சட்டம் இல்லாதபோது நடந்த கொடுமையை நாங்கள் பார்த்திருந்தோம். அதனால் வாயை மூடிக்கொண்டு கையெழுத்துப் போட்டோம்.

செலின் கடற்கரையில் விளையாடப் போன இடத்தில் கெளுத்தி முள்ளை மிதித்துவிட்டாள். வலையிலிருந்து கழித்துப் போட்ட மீன். முதலில் எனக்குக் கோபம்தான் வந்தது. "செருப்புன்னு ஒண்ணு எதுக்கு வாங்கிக் குடுத்திருக்கு? சாமி ரூம்ல வச்சுக் கும்புடவா?" என்று திட்டிக்கொண்டே முள்ளை எடுத்து, வெந்நீரில் கழுவிக் கட்டினேன். அவள் அழுதுகொண்டே நொண்டி நொண்டி ஐஸ்கிரீம் கேட்டாள்.

இரண்டாம் நாள் பாதம் வீங்கியது. அடுத்த நாள் வீக்கம் கணுக்காலைத் தாண்டியது. நெற்றியில் கை வைத்தேன். கையை எடுக்கத் தோன்றவில்லை, எடுத்தால் உண்மையாகிவிடும் போலிருந்தது.

ஆஸ்பத்திரியில் டாக்டர் நாகலட்சுமி சோதனை முடிவை என்னிடம் நீட்டவில்லை. மேசையில் குப்புற வைத்துக்கொண்டார். "ஜெசி, உங்களுக்குப் போயி நான் என்னத்தச் சொல்ல? எந்த மருந்துக்கும் கேக்கல. டெரோவின் மட்டும் கேக்கும்."

"நம்ம முறை எப்ப வரும்னு எனக்குத் தெரியும் மேடம்."

"அது வரைக்கும் தாங்காதும்மா." அவர் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு சொன்னார். "காலை எடுத்தா ஒருவேளை தப்பிக்கலாம். முழங்காலுக்கு மேல. யோசிங்க. ரொம்ப யோசிக்காதீங்க."

வராந்தாவில் சூசை நின்றுகொண்டிருந்தார். நான் சொல்லி முடிப்பதற்குள் அவர் முகம் கறுத்துவிட்டது.

"தலைமன்னார்ல இருக்கு. அங்க அவங்க முறை. கேட்டா குடுக்க ஆளு இருக்கான்."

"தெரியும்."

"தெரிஞ்சுக்கிட்டு கல்லு மாதிரி நிக்கிற?"

"கூட்டிட்டுப் போக முடியாதுங்க. காய்ச்ச உள்ள யாரையும் கப்பல்ல ஏத்த மாட்டாங்க. இங்க உள்ள கிருமி அங்க போயிரும்னு தடுத்திருக்கு."

"கூட்டிட்டுப் போறத யாருடி சொன்னா? கொண்டு வர்றதச் சொல்றேன்."

"கொண்டு வந்து குடுத்தா சாக்கடையில தெரியும். வதனி பாத்துருவா. தேசத்துக்கே முறை போயிரும். இதே ஆஸ்பத்திரியில இன்னும் எத்தன புள்ளைங்க படுத்திருக்கு, போயிப் பாருங்க. அதுங்கல்லாம் அடுத்த முறைக்குத்தான் காத்துக்கிட்டுக் கெடக்கு."

"என் புள்ளயப் பாத்துட்டேன். எனக்கு அது போதும்."

நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. அதை இங்கே தெளிவாகவே சொல்லிவிடுகிறேன். சட்டம் தெரிந்தவள், காரணம் தெரிந்தவள், அந்தச் சட்டத்தைக் காவல் காக்கச் சம்பளம் வாங்குகிறவள் நான். அவர் படியிறங்கிப் போவதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். கூப்பிட்டிருந்தால் நின்றிருப்பார். நான் கூப்பிடவில்லை.

மறுநாள் காலையில் படகு திரும்பியது. நகரை மீன் கூடைக்கு அடியில், ஐஸுக்குள், பிளாஸ்டிக் பையில் சுற்றி ஓர் அட்டை. நாளுக்கு ஒன்றாகப் பத்து மாத்திரை. அதுதான் முழு அளவு, அதில் ஒன்றுகூடக் குறையக் கூடாது. முதல் மாத்திரையைப் பொடித்துத் தேனில் குழைத்து நானேதான் ஊட்டினேன். வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்கிறேன் என்றதும் டாக்டர் நாகலட்சுமி ஒரு கேள்வியும் கேட்கவில்லை. என் முகத்தைப் பார்க்காமலே டிஸ்சார்ஜ் சீட்டில் கையெழுத்துப் போட்டார்.

மூன்றாவது மாத்திரைக்குள் காய்ச்சல் இறங்கியது. அன்று மத்தியானம் செலின் எழுந்து உட்கார்ந்து பசிக்கிறது என்றாள். நான் அடுப்படியில் போய் நின்று அழுதேன். அழுகை முடிந்ததும் பயம் வந்தது.

மருந்து உடம்புக்குள் போனால் வெளியே வந்துதானே ஆகவேண்டும்? பிள்ளையைக் கழிப்பறைக்கு விடவில்லை. எல்லாவற்றையும் வாளியில் பிடித்தேன். மருந்தைச் சிதைக்க ஆய்வகத்திலிருந்து எடுத்து வந்த காரத்தை ஊற்றி, மூடி, கொல்லையில் அடுப்பு மூட்டிக் காய்ச்சினேன். பக்கத்து வீட்டு ஃபிலோமினா மதிலுக்கு மேல் எட்டிப் பார்த்து, "என்ன டீச்சர் காச்சுறீங்க, இப்பிடி நாத்தமடிக்கிது?" என்றாள். "வண்டு மருந்து" என்றேன். அவள் மூக்கைப் பொத்திக்கொண்டு போனாள். செலினுக்கு வெட்கமும் கோபமும். "அம்மா, எல்லாரும் பாத்ரூம் போறாங்க, நான் மட்டும் ஏன் வாளியில?" என்று கத்தினாள். "ராணிங்கல்லாம் வாளியிலதான் போவாங்க" என்றேன். நம்பவில்லை. ஆறு வயசுப் பிள்ளைக்கு அம்மா பொய் சொல்கிறாள் என்பது தெரியாமலா போகும்?

அந்த வாரத்து மன்னார்ப் பெட்டியைத் திறந்து சோதித்தேன். முறை நடக்கிற ஊர். வீட்டுக்கு வீடு மருந்து சாப்பிடுகிற ஊர். எப்போதும் அந்தத் தண்ணீரில் டெரோவின் கொட்டிக் கிடக்கும், கருவியின் கோடு மலை மாதிரி எழும்பும். அன்று கோடு படுத்தே கிடந்தது. கருவி கெட்டுவிட்டது என்று நினைத்துத் திரும்பவும் ஓட்டினேன். படுத்தே கிடந்தது.

மருந்து உள்ள ஊரில் மருந்து இல்லை என்றால் அது எங்கே போயிற்று?

வியாழக்கிழமை வதனி திரையில் வந்தபோது தலை வாராமல் இருந்தாள். எப்போதும் பொட்டும் பூவுமாக, வேலைக்கு வருகிற மாதிரியே இருக்க மாட்டாள், கல்யாண வீட்டுக்குப் போகிற மாதிரி இருப்பாள்.

"அக்கா, உங்கட பெட்டியைப் பார்த்திட்டன்" என்றாள்.

"ம்."

"சரியான கூடக் கிடக்கு. நான் முதல்ல நம்பேல்லை. ஒரு ஆள், ரெண்டு ஆள் எடுத்தது இல்லை அக்கா. ஊரே எடுக்குது."

ஒரு ஆள் இல்லையா? என் வாளி, என் காரம், என் அடுப்பு எல்லாம் கண்முன் வந்தது. நான் என் மகளின் கழிவைச் சொட்டுச் சொட்டாகப் பிடித்துக் காய்ச்சிக்கொண்டிருந்த நேரத்தில் கரை முழுவதும் வீட்டுக்கு வீடு ஐஸ் பெட்டியில் மாத்திரை வந்து இறங்கிக்கொண்டிருந்திருக்கிறது. ஃபிலோமினா வீட்டிலும் வந்திருக்கும். எல்லோரும் ஒருவருக்கொருவர் தெரியாமல், எல்லோரும் தன் பிள்ளைக்கு மட்டும் என்று.

"உங்க பக்கம் ஒண்ணுமே இல்ல வதனி" என்றேன். "கோடே எழும்பல."

"எனக்குத் தெரியும்." அவள் குரல் உடைந்தது. "பார்மசியில இல்லை. ஆஸ்பத்திரியில இல்லை. வந்த பெட்டியெல்லாம் ராவோட ராவா கடலுக்குப் போயிட்டுது. அபிசனுக்கு மூண்டு நாளாக் காய்ச்சல் அக்கா. காதுக்குள்ள சீழ். எங்கட முறை இது. எங்கட நாட்டில, எங்கட முறையில, என்ர பிள்ளைக்கு ஒரு குளிசை இல்லை."

அவள் புறங்கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"உங்கட ஆக்களிட்ட இருக்கும்தானே? ஆரிட்டையாவது கேட்டுப் பாருங்கோவன். நான் இன்னும் அறிக்கை அனுப்பேல்லை. நாளைக்குத்தானே கடைசி. அது வரைக்கும் வைச்சிருக்கிறன். உங்களை வெருட்டுறன் எண்டு நினைக்காதேங்கோ. எனக்கு வேற வழி தெரியேல்லை."

"பாக்குறேன்" என்று சொல்லிவிட்டு அணைத்தேன். எங்கள் வீட்டுக் குளிர்பெட்டியில், முட்டைத் தட்டுக்குப் பின்னால் அந்த அட்டை இருந்தது. மிச்சம் ஐந்து மாத்திரை.

வீட்டுக்கு வந்து சூசையிடம் எல்லாவற்றையும் கொட்டினேன். சொல்லியிருக்கக் கூடாது. ஆனால் வேறு யாரிடம் சொல்வேன்? அவர் கயிற்றை முறுக்கிக்கொண்டே கேட்டார். பிறகு முறுக்குவதை நிறுத்தினார்.

"அப்ப நான் வாங்கிட்டு வந்தது அந்தப் பயலோட மாத்திர."

"அவனோடதுன்னு பேரா எழுதியிருக்கு? யாரோ ஒரு புள்ளயோடது."

"அவ புள்ளயோடதுதான்" என்றார் பிடிவாதமாக. "செலினுக்குத்தான் காய்ச்ச விட்டுருச்சே. மிச்சம் இருக்கதக் குடுத்துருவமே. பாதி அட்டை இருக்குல்ல?"

"ஏங்க, உங்களுக்குப் புத்தி இருக்கா? காய்ச்ச விட்டா கிருமி செத்துருச்சுன்னு அர்த்தமா? லேசானதெல்லாம் செத்துருக்கும். முரட்டுக் கிருமி கொஞ்சம் உள்ள ஒளிஞ்சு கெடக்கும். அதையும் கொல்லத்தான் மிச்ச அஞ்சு மாத்திர. இப்ப நிறுத்துனா அந்த முரடு மட்டும் தனியாப் பெருகும். அந்தப் பையனுக்கும் அஞ்சு பத்தாது, அங்கயும் அதே கததான். ரெண்டு புள்ளைக்கும் பாதி பாதி குடுக்குறது ஒரு புள்ளைக்கும் குடுக்காததவிட மோசம். புரியுதா?"

"புரியுது."

"முழு அட்டையா எங்கயாச்சும் கெடைக்குதான்னு நாளைக்குக் கரையில கேளுங்க. பாதிய மட்டும் யாருக்கும் குடுக்கக் கூடாது."

"சரி டீச்சர்" என்றார். கிண்டல் இல்லாமல்தான் சொன்னார்.

அவரை நான் அறிந்திருக்க வேண்டும். இந்தக் கரையில் பிடித்து வந்த மீனைப் பங்கு போடாமல் எவனும் வீட்டுக்குப் போகமாட்டான். படகுக்கு ஒரு பங்கு, வலைக்கு ஒரு பங்கு, ஆளுக்கு ஒரு பங்கு. காய்ச்சலில் படுத்து வராதவனுக்கும் பங்கு உண்டு. பக்கத்துப் படகு வெறும் வலையோடு வந்தால் அவர்கள் குழம்புக்காவது அள்ளிப் போடுவார்கள். போடாதவனோடு அடுத்த நாள் யாரும் பேச மாட்டார்கள். பிறந்ததிலிருந்து இரண்டாக, மூன்றாகப் பிரித்தே பழகிய கை அது. பிரிக்கக் கூடாத ஒன்று உலகத்தில் உண்டு என்று நான் ஒரு சாயங்காலத்தில் சொல்லிவிட்டால் அந்தக் கைக்குப் புரிந்துவிடுமா?

மறுநாள் காலை மாத்திரை எடுக்க முட்டைத் தட்டை நகர்த்தினேன். அட்டை இல்லை. குளிர்பெட்டியில் இருந்த எல்லாவற்றையும் வெளியே எடுத்துப் போட்டேன். தக்காளி உருண்டு ஓடியது. செலின் அதைத் துரத்திக்கொண்டு அடுப்படி முழுக்கச் சிரித்துக்கொண்டே ஓடினாள்.

சூசை வாசலில் நின்றார். அவர் முகத்தைப் பார்த்ததுமே எனக்குத் தெரிந்துவிட்டது.

"எங்க?"

"விடியக்கால போன போட்டுல குடுத்துவிட்டேன். நடுக்கடல்ல அவங்க ஆளு வாங்கிக்கிருவான். இந்நேரம் சேந்திருக்கும்."

"நான் என்ன சொன்னேன் உங்ககிட்ட? என்னதான் சொன்னேன்?"

"சொன்னது எல்லாம் புரிஞ்சுச்சு ஜெசி." அவர் கண் கலங்கியிருந்தது. "ஆனா என் புள்ள எந்திரிச்சு ஓடுது. அவ புள்ள படுத்துக் கெடக்கு. அவன் மாத்திரைய நான் எடுத்துட்டு வந்திருக்கேன். பாதியாச்சும் திருப்பிக் குடுக்காம எப்பிடி நான் கஞ்சி குடிப்பேன்?"

அடிக்க வேண்டும் போல் இருந்தது. அதே நேரம் கட்டிப் பிடித்து அழ வேண்டும் போலவும் இருந்தது. இரண்டையும் செய்யவில்லை. செலினைத் தூக்கிக் கட்டிலில் உட்காரவைத்து, பாதத்துக் கட்டை அவிழ்த்தேன். காயம் நன்றாக ஆறியிருந்தது. ஓரத்தில் மட்டும் ஒரு இடத்தில் ஈரம். பஞ்சுக் குச்சியால் அதை ஒற்றி எடுத்தேன்.

"கூசுதும்மா" என்று சிரித்தாள்.

தன் ஊரைத் தானே சோதிக்கக் கூடாது என்கிற சட்டத்தை அன்றைக்கு மீறினேன். ஆய்வகத்தில் அந்த ஒற்றலைத் தட்டில் தடவி, நடுவில் டெரோவின் ஊறிய சிறு வில்லையை வைத்து மூடினேன். ஆய்வுக்கென்று மட்டும் எங்களிடம் விட்டுவைத்திருந்த துளி மருந்து அது. மருந்து வேலை செய்தால் வில்லையைச் சுற்றிக் கிருமி வளராத வெற்று வட்டம் தெரியும். வட்டம் பெரிதாக இருக்க இருக்க நிம்மதி. போன வருடத்துத் தட்டுகளில் எல்லாம் பெரிய பெரிய வட்டங்களைப் பார்த்திருக்கிறேன்.

அறிக்கையை நான் அனுப்பவில்லை. வதனியும் அன்று கூப்பிடவில்லை. நான் வீட்டுக்குப் போய்ச் செலினின் நெற்றியைத் தொட்டேன். குளிர்ந்திருந்தது. கொஞ்ச நேரம் கழித்துத் திரும்பவும் தொட்டேன். "சும்மா சும்மா தொடாதம்மா" என்று கையைத் தட்டிவிட்டாள். ஃபிலோமினாவின் பிள்ளைகளோடு விளையாடப் போகிறேன் என்று குதித்தாள். கதவைச் சாத்தினேன். ஏன் என்று கேட்டு அழுதாள். ஏன் என்று எனக்கும் அப்போது நிச்சயமாகத் தெரியாது. தட்டைத் திறக்கும்வரை எதுவும் நிச்சயமில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமை தட்டைத் திறந்தேன்.

வட்டம் இல்லை. வில்லையின் ஓரம் வரைக்கும், ஒட்டிக்கொண்டு, வழுவழுவென்று கிருமி வளர்ந்திருந்தது. வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தேன். வில்லையின் மேலேயே ஏறத் தொடங்கியிருந்தது. உலகத்தில் எங்கேயும் யாரும் இதுவரை பார்க்காத தட்டு. என் மகளின் பாதத்திலிருந்து வந்தது. டெரோவினும் செத்துவிட்டது. அது செத்த இடம் என் வீட்டுக் கட்டில்.

தெரிவித்தால் என்ன ஆகும் என்று எனக்கு நன்றாகத் தெரியும். அந்த விதிகளை எழுதிய கூட்டத்தில் நானும் டீ குடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பிள்ளையைத் தனிமை முகாமுக்குக் கொண்டுபோவார்கள். கண்ணாடிக்கு வெளியே நின்று பார்க்கலாம். தொடக் கூடாது. கிருமி போகும்வரை விடமாட்டார்கள், அது போக மருந்து கிடையாது. தெரிவிக்காவிட்டால் திங்கட்கிழமை செலின் பள்ளிக்கூடம் போவாள். பக்கத்தில் உட்காருகிற பிள்ளையோடு டிபன் பாக்ஸைப் பங்கு போட்டுச் சாப்பிடுவாள். அப்பனுடைய மகள் அல்லவா?

வதனியைக் கூப்பிட்டேன். உடனே எடுத்தாள். தலை வாரி, பொட்டு வைத்து, பூவும் வைத்திருந்தாள்.

"அக்கா!" கண்ணில் தண்ணீரும் சிரிப்புமாக இருந்தாள். "நானே எடுக்க இருந்தனான். கடவுள் மாதிரி செய்துபோட்டியள். பாதி அட்டை வந்தது. ஆர் எண்டு கொண்டு வந்தவர் சொல்லேல்லை, ஆனா எனக்குத் தெரியும், உங்கட வீட்டிலயிருந்துதான் எண்டு. மூண்டு குடுத்ததோட காய்ச்சல் விட்டிட்டுது. இனி இவனுக்கு ஒண்டுமில்லை."

"வதனி..."

"பொறுங்கோ, நான் சொல்லி முடிக்கிறன். மிச்சம் ரெண்டைப் பக்கத்து வீட்டுப் பிள்ளைக்குக் குடுத்திட்டன், அதுவும் பாவம் காய்ச்சலோட கிடந்தது. உங்கட ஊர் அறிக்கையில ஒண்டும் இல்லை எண்டே போட்டு அனுப்பியிட்டன். நீங்களும் எங்கட இடத்தில எல்லாம் சரி எண்டு போட்டுவிடுங்கோ. உங்கட முறையும் போகாது, எங்கட முறையும் போகாது. ஒருத்தருக்கும் ஒரு கரைச்சலும் இல்லை."

அவளும் என்னைப் போலப் படித்தவள். நான் சூசைக்குச் சொன்ன பாடத்தை அவள் ஊருக்கே சொல்லிக்கொடுத்தவள். அவளுடைய கையும் பங்கு போட்டுவிட்டது. அவளைத் திட்ட எனக்கு வாய் வரவில்லை, முதல் முறையாக.

தட்டை எடுத்துக் கேமராவுக்கு முன்னால் பிடித்தேன்.

அவளுக்கு விளக்கம் தேவையில்லை. பார்த்த உடனே சிரிப்பு நின்றுவிட்டது. திரைக்குப் பக்கமாக முகத்தைக் கொண்டுவந்தாள்.

"வட்டத்தைக் காணேல்லை" என்றாள் மெதுவாக. "எந்த மருந்து?"

"டெரோவின்."

"இது ஆரின்ர தட்டு அக்கா?"

"செலினோடது."

அவள் வாயைப் பொத்திக்கொண்டாள். அவளுக்குப் பின்னால் எங்கோ ஒரு பந்து சுவரில் மோதி மோதி விழும் சத்தம் கேட்டது.

"அந்த அறிக்கைய வாபஸ் வாங்குங்க" என்றேன். என் குரல் எனக்கே அந்நியமாக இருந்தது. "நானும் உள்ளத உள்ளபடி அனுப்பப் போறேன். ரெண்டு கரையையும் இன்னைக்கே மூடணும். முறை போனாப் போகட்டும், இனிமே முறை வந்து என்ன பண்ணப் போகுது? முதல்ல அபிசன் காதுல இருந்து ஒரு ஒற்றல் எடுங்க. பக்கத்து வீட்டுப் புள்ளைக்கும் எடுங்க. யாரையும் வெளிய விடாதீங்க."

வதனி தலையை ஆட்டினாள். சரி என்கிறாளா, இல்லை என்கிறாளா, தெரியவில்லை. திரும்பி மகனைப் பார்த்தாள். பிறகு என்னிடம், கெஞ்சுகிற குரலில், நான் நினைத்தால் மாற்றிவிடலாம் என்பது போலச் சொன்னாள்:

"அவன் விளையாடுறான் அக்கா. பாருங்கோ, எப்பிடி ஓடித் திரியிறான் எண்டு."

"செலினும் விளையாடிக்கிட்டுத்தான் இருக்கா, வதனி."